இந்திய ஃபுட்பாலுக்கு அடுத்த கோச் யார்? அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் ஒரு பழைய வாழ்க்கை: யார் இந்த ரஹீம் சாப்?

2025 ஜூலை மாதம். வார விடுமுறைக்கு ஒக்கூர் போயிருந்தேன். சிவகங்கை மாவட்டத்தில் இருக்கும் எங்க ஊரைப் புத்தகம் படிக்கிறவங்களுக்கு ஒக்கூர் மாசாத்தியார் ஊர் என்று தெரியும். மற்றவர்களுக்குச் செட்டிநாட்டுப் பெரிய வீடுகள் இருக்கும் ஊர். எங்க செட்டுக்கு அது சாயங்காலம் பந்து உதைக்கிற ஊர்.

அன்றைக்கு யாரும் பந்தைத் தொடவே இல்லை. எல்லோர் கையிலும் போன். இந்திய ஆண்கள் கால்பந்து அணியின் பயிற்சியாளர் மனோலோ மார்க்கேஸ் ஜூலை தொடக்கத்தில் விலகியிருந்தார். ஃபிஃபா தரவரிசையில் இந்தியா 133-வது இடத்துக்கு இறங்கியிருந்தது. அடுத்து யார் என்பதுதான் பேச்சு. ஒருத்தன் வெளிநாட்டு ஆள்தான் வேணும்கிறான். இன்னொருத்தன் காலித் ஜமீல் போதும்கிறான். மூன்றாவது ஆளுக்கு ஸ்டீபன் கான்ஸ்டன்டைன் திரும்பி வரணும்.

அந்த நேரம் பார்த்து, பார்சிலோனா ஜாம்பவான் சாவியே விண்ணப்பம் போட்டிருக்கார் என்று ஒரு செய்தி. ஊரே துள்ளியது. கூடவே பெப் கார்டியோலா பெயரும் வந்தது. இரண்டு மின்னஞ்சல்களும் உண்மையானவை இல்லை என்று அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு அடுத்த நாளே விளக்கம் கொடுத்தது. ஒரு சாயங்காலம் முழுக்க நாங்க கட்டின கோட்டை அப்படியே சரிந்தது.

திண்ணையில் உட்கார்ந்து இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார் எங்க பழைய பி.டி. வாத்தியார். ஓய்வு பெற்றுப் பல வருஷம் ஆகிவிட்டது. இத்தனை பேர் சொல்றீங்களே, ரஹீம்னு ஒருத்தர் இருந்தாரே, அவரைப் பத்தி யாருக்காவது தெரியுமா என்று கேட்டார். எங்களுக்குத் தெரிந்தது எல்லாம் அஜய் தேவ்கன் நடித்த இந்திப் படம்தான். சார் சிரித்துவிட்டுப் போய்விட்டார். அந்தச் சிரிப்புக்காகத்தான் இந்தக் கட்டுரை.

சுருக்கமாக: ரஹீம் யார்?

- முழுப்பெயர் சையது அப்துல் ரஹீம். 1909-ல் ஹைதராபாத்தில் பிறந்தவர்.
- தொழில்: பள்ளி ஆசிரியர். பிறகு கால்பந்துப் பயிற்சியாளர்.
- ஹைதராபாத் சிட்டி போலீஸ் அணியையும் இந்திய அணியையும் 1950-களில் ஒரே நேரத்தில் வளர்த்தவர்.
- ஆசிய விளையாட்டுப் போட்டியில் ஆண்கள் கால்பந்தில் இந்தியா இதுவரை வென்ற தங்கம் இரண்டு: 1951, 1962. இரண்டின்போதும் பயிற்சியாளர் இவர்தான்.
- 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் இந்தியா 4-வது இடம் பிடித்தபோதும் இவர்தான்.
- 1963 ஜூன் 11-ல் புற்றுநோயால் இறந்தார். வயது 53.

வாத்தியார் எப்படி கோச் ஆனார்?

ரஹீம் உஸ்மானியா பல்கலைக்கழகத்தில் படித்தவர். அங்கே படிக்கும்போதே பல்கலைக்கழக அணிக்கு ஆடினார். உள்ளூர் கிளப்புகளிலும் ஆடினார். ஆனால் பெரிய நட்சத்திர ஆட்டக்காரர் என்ற பெயர் எல்லாம் அவருக்கு இல்லை. படித்து முடித்ததும் பள்ளி ஆசிரியர் வேலைக்குப் போனார். ஹைதராபாத்தில் சில பள்ளிகளில் பாடம் நடத்தினார். நடுவில் உடற்கல்வியில் டிப்ளமோ முடித்து, பள்ளி விளையாட்டுப் பொறுப்பையும் ஏற்றுக்கொண்டார்.

அதாவது, இந்தியாவின் மிக வெற்றிகரமான கால்பந்துப் பயிற்சியாளர் முதலில் நம்ம ஊர் பி.டி. சார் மாதிரி ஒருத்தர்தான். சார் ஏன் சிரித்தார் என்று எனக்கு இந்த இடத்தில்தான் புரிந்தது.

1943-ல் ஹைதராபாத் கால்பந்துச் சங்கத்தின் செயலாளர் ஆனார். இது சும்மா ஒரு பதவி இல்லை. எந்தப் பையன் எந்தத் தெருவில் ஆடுகிறான், எந்தப் பள்ளியில் நல்ல கோல்கீப்பர் இருக்கிறான், லீக் எப்போது நடக்க வேண்டும் என்பதெல்லாம் அவர் கண்ணில் படும் இடம் அது. தேசிய அணிக்குப் போவதற்கு முன்னால், ஒரு நகரத்தின் கால்பந்தை அடியிலிருந்து பார்த்தவர் அவர்.

ஹைதராபாத் போலீஸ்: ஒரு அணி எப்படி உருவானது?

அந்தக் காலத்தில் இந்தியக் கால்பந்து என்றால் கல்கத்தாதான். மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால், முகமதன் ஸ்போர்ட்டிங். பணம், கூட்டம், பத்திரிகை எல்லாம் அங்கே. தெற்கிலிருந்து போகும் அணிகளைப் பெரிதாக யாரும் மதித்ததில்லை.

1950-ல் ரஹீம் ஹைதராபாத் சிட்டி போலீஸ் அணியின் பயிற்சியாளர் ஆனார். அந்த வருஷமே டூரண்ட் கோப்பை வந்தது. பம்பாயில் நடந்துவந்த ரோவர்ஸ் கோப்பையை 1950 முதல் 1954 வரை தொடர்ந்து 5 முறை வென்றார்கள். 1954-ல் மறுபடி டூரண்ட். 1957-ல் இன்னொரு முறை.

கல்கத்தா பெரிய கிளப்புகள் நல்ல ஆட்டக்காரர்களை மற்ற ஊர்களிலிருந்து அழைத்துக்கொள்ளும். போலீஸ் அணிக்கு அந்த வசதி கிடையாது. இருக்கிற பையன்களுக்குப் போலீஸ் வேலை கொடுத்து, அவர்களை வைத்தே அணி கட்ட வேண்டும். அதனால் ரஹீமுக்கு ஒரே வழிதான் இருந்தது: சொல்லிக்கொடுப்பது.

இந்த இடத்தில் நம்ம பக்கத்து ஆள் ஒருத்தர் வருகிறார். துளசிதாஸ் பலராம். செகந்திராபாத் பக்கம் அம்முகுடாவில் ஒரு ஏழைத் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். அவர் ஆட்டத்தைப் பார்த்து ரஹீம் பயிற்சிக்குக் கூப்பிட்டார். அவ்வளவு தூரம் வந்துபோகக் காசு இல்லை என்று பையன் தயங்க, சைக்கிளுக்கு ரஹீமே ஏற்பாடு செய்தார் என்று சொல்வார்கள். அந்தப் பையன்தான் பின்னாளில் சுனி கோஸ்வாமி, பி.கே. பானர்ஜியோடு சேர்த்து இந்தியக் கால்பந்தின் மும்மூர்த்தி என்று பெயர் வாங்கினார். ஒரு சைக்கிள் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு இது ஒரு கணக்கு.

1951: நேரு பார்க்க ஒரு தங்கம்

முதல் ஆசிய விளையாட்டுப் போட்டி 1951 மார்ச்சில் டெல்லியில் நடந்தது. நாடு சுதந்திரம் வாங்கி 4 வருஷம்கூட முடியவில்லை. கால்பந்து இறுதி ஆட்டத்தில் ஈரான் எதிரணி. பிரதமர் நேரு பார்க்க வந்திருந்தார். கேப்டன் சைலன் மன்னா. சாகு மேவாலால் அடித்த ஒரே கோலில் இந்தியா 1-0 என வென்றது.

இந்தியக் கால்பந்துக்குச் சர்வதேச அளவில் கிடைத்த முதல் பெரிய பரிசு அது. கோச் ரஹீம் என்ற பெயர் நாடு முழுக்கத் தெரிய ஆரம்பித்தது. அடுத்த வருஷமே அந்தப் பெயருக்குச் சோதனை வந்தது.

10-1: இன்றைக்கு நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக். இந்தியாவின் முதல் ஆட்டமே யுகோஸ்லாவியாவோடு. முடிவு 10-1. தப்பாகப் படிக்கவில்லை, பத்துக்கு ஒன்றுதான்.

நம் ஆட்டக்காரர்களில் பலர் பூட்ஸ் இல்லாமல் ஆடியவர்கள். நம்ம ஊர் வெயிலில், காய்ந்த தரையில் வெறுங்கால் ஒரு பலம். பந்து காலோடு ஒட்டிக்கொள்ளும். ஃபின்லாந்தின் குளிரில், ஈரப் புல்லில், பூட்ஸ் போட்ட ஐரோப்பியர்களுக்கு எதிராக அது எடுபடவில்லை. இதோடு இன்னொன்று: அன்றைக்கு நம் உள்நாட்டுப் போட்டிகள் 70 நிமிஷத்தில் முடிந்துவிடும். உலகம் 90 நிமிஷம் ஆடியது.

இன்றைக்கு 10-1 என்று ஒரு ஸ்கோர் வந்தால் ஆட்டம் முடிவதற்குள் ஹேஷ்டேக் வந்துவிடும். ராஜினாமா செய் என்று ஒரு பக்கம், அடுத்த கோச் இவர்தான் என்று இன்னொரு பக்கம். ராத்திரிக்குள் ஐந்து பெயர் ட்ரெண்ட் ஆகும்.

ஆனால் அந்தத் தோல்விக்குப் பிறகு மாறியது ஆள் இல்லை, வேலை செய்யும் முறை. பூட்ஸ் கட்டாயம் ஆனது. ரஹீம் தன் ஆட்ட முறையையே திரும்ப யோசிக்க ஆரம்பித்தார். இந்தியா, பாகிஸ்தான், பர்மா, இலங்கை ஆகிய நான்கு நாடுகள் ஆடிய கொழும்புக் கோப்பைத் தொடரில் 1952-ல் பாகிஸ்தானோடு பகிர்ந்துகொண்டும், 1953, 1954, 1955-ல் தனியாகவும் இந்தியாதான் சாம்பியன்.

எல்லாம் ஏறுமுகம்தான் என்றும் சொல்ல முடியாது. 1954 மணிலா ஆசிய விளையாட்டில் இந்தியா முதல் சுற்றிலேயே வெளியேறியது. ஏற்றமும் இறக்கமுமாகத்தான் அந்தப் பத்து வருஷம் போனது.

அப்படி என்னதான் சொல்லிக்கொடுத்தார்?

ரஹீமை மற்றவர்களிடமிருந்து பிரிப்பது அவருடைய பயிற்சி முறைதான். அதில் முக்கியமான நான்கு விஷயங்கள்:

*1. வராத கால்.* நம்மில் பலருக்கும் ஒரு கால்தான் பேசும், இன்னொரு கால் சும்மா கூட வரும். வராத காலால் மட்டுமே ஆட வேண்டும் என்று விதி வைத்துத் தனிப் போட்டிகள் நடத்தினார் ரஹீம். கொஞ்ச மாதத்தில் பையன்கள் இரண்டு காலாலும் அடிக்க ஆரம்பித்துவிடுவார்கள்.

*2. டிரிபிள் கிடையாது.* பந்தைக் காலிலேயே வைத்துக்கொண்டு மூன்று பேரை ஏமாற்றிவிட்டுப் போவது பார்க்க அழகு. ஆனால் அதற்குள் எதிரணி தற்காப்பைச் சரி செய்துகொள்ளும். டிரிபிள் செய்யவே கூடாது என்ற விதியோடும் போட்டிகள் வைத்தார். பந்து வந்ததும் கொடுத்துவிட வேண்டும். வேகம் கால்களுக்கு மட்டும் இல்லை, பந்துக்கும் வேண்டும் என்பது அவர் கணக்கு.

*3. ஆட்ட அமைப்பு.* 1953-ல் ஹங்கேரி அணி வெம்ப்லியில் இங்கிலாந்தை 6-3 என வீழ்த்தியது. ஹங்கேரியின் சென்டர் ஃபார்வர்டு முன்னால் நிற்காமல் பின்னால் இறங்கி ஆடியதில் இங்கிலாந்துத் தற்காப்பு குழம்பிப்போனது. இந்த உத்தியை ரஹீம் கூர்ந்து படித்து நம் அணிக்குத் தகுந்த மாதிரி மாற்றினார். பின்னால் 4-2-4 அமைப்புக்குப் போனார். அதாவது பின்னால் நான்கு பேர், நடுவில் இரண்டு பேர், முன்னால் நான்கு பேர். 1958 உலகக் கோப்பையைப் பிரேசில் வென்ற பிறகு உலகமே பேசிய அமைப்பு அது.

*4. ஆளை அறிவது.* ஒருத்தரை எந்த இடத்தில் ஆட வைத்தால் அவர் முழுசாக வெளிப்படுவார் என்பதில் அவருக்கு ஒரு கண் இருந்தது. இதற்கான பெரிய சாட்சி 1962-ல் வரும்.

இன்றைக்கு யூடியூபில் தேடினால் இந்த நான்குக்கும் ஆயிரம் வீடியோ கிடைக்கும். ரஹீமுக்கு வீடியோவும் கிடையாது, டேட்டாவும் கிடையாது. வாத்தியார் வேலை கொடுத்த பொறுமைதான் அவருக்கு இருந்த கருவி.

1956 மெல்போர்ன்: பதக்கத்துக்கு ஒரு படி கீழே

மெல்போர்ன் என்றால் ஆஸ்திரேலியர்களுக்குக் கால்பந்து என்பது வேறு. முட்டை வடிவப் பந்தைக் கையாலும் காலாலும் ஆடும் அவர்களுடைய சொந்த ஆட்டம். அந்த ஒலிம்பிக்கில் அதையும் காட்சி விளையாட்டாகச் சேர்த்திருந்தார்கள். இன்றைக்கும் அங்கே ஒரு கிளப் தோற்க ஆரம்பித்தால், அடுத்த கோச் யார் என்று நகரம் முழுக்கப் பேசும். இந்த நோய் நமக்கு மட்டும் இல்லை.

அந்த ஊரில், 1956 டிசம்பர் 1 அன்று, ரஹீமின் அணி போட்டியை நடத்திய ஆஸ்திரேலியாவையே காலிறுதியில் 4-2 என வீழ்த்தியது. நெவில் டிசோசா 3 கோல். ஒலிம்பிக் கால்பந்தில் ஹாட்ரிக் அடித்த முதல் ஆசியர் அவர். கேப்டன் சமர் பானர்ஜி.

அரையிறுதியில் எதிரே மறுபடியும் யுகோஸ்லாவியா. 4 வருஷம் முன்னால் 10 கோல் போட்ட அதே நாடு. இந்த முறை முதல் கோல் இந்தியாவுடையது, அடித்தவர் டிசோசா. கடைசியில் 4-1 எனத் தோற்றோம். வெண்கலத்துக்கான ஆட்டத்தில் பல்கேரியாவிடம் 3-0 தோல்வி. 4-வது இடம்.

நேர்மையாக ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். முதல் சுற்றில் ஹங்கேரி வராததால் இந்தியா ஆடாமலேயே காலிறுதிக்குப் போனது. ஆகவே அந்த 4-வது இடம் ஒரே ஒரு வெற்றியில் வந்ததுதான். ஆனாலும் 10-1 எங்கே, முதல் கோலை அடித்துவிட்டு 4-1 எங்கே. நான்கு வருஷ உழைப்பு அந்த இடைவெளியில் தெரிகிறது.

1960 ரோம்: தோற்றும் தலைநிமிர்ந்த தொடர்

ரோமில் இந்தியாவுக்குக் கிடைத்தது கடினமான பிரிவு. ஹங்கேரி, பிரான்ஸ், பெரு. ஹங்கேரியிடம் 2-1 தோல்வி. பிரான்ஸோடு 1-1 சமன். பெருவிடம் 3-1 தோல்வி. பிரிவைத் தாண்டவில்லை. ஆனால் கேப்டன் பி.கே. பானர்ஜி கோல் அடித்த பிரான்ஸ் ஆட்டத்தைப் பழைய ரசிகர்கள் இன்றும் சொல்வார்கள்.

அந்த அணியில் தமிழ்நாட்டின் சைமன் சுந்தரராஜும் இருந்தார். 1973-ல் கேரளா முதன்முறையாகச் சந்தோஷ் டிராஃபியை வென்றபோது அந்த அணியின் கோச் அவர்தான். ரஹீம் பயிற்றுவித்தவர்கள் பின்னால் மற்றவர்களைப் பயிற்றுவித்தார்கள் என்பதற்கு இது ஒரு உதாரணம். பி.கே. பானர்ஜியும் பிறகு பெரிய கோச் ஆனார்.

ஒரு தகவல்: ரோமுக்குப் பிறகு இந்திய ஆண்கள் கால்பந்து அணி எந்த ஒலிம்பிக்கிற்கும் தகுதி பெறவில்லை.

1962 ஜகார்த்தா: ஒரு லட்சம் பேர் எதிராகக் கத்தியபோது

இதுதான் கதையின் உச்சம். ஜகார்த்தா போகும்போதே ரஹீம் உடம்பு சரியில்லாதவர். நுரையீரல் புற்றுநோய் அவரைத் தின்றுகொண்டிருந்தது.

முதல் ஆட்டத்தில் தென் கொரியாவிடம் 2-0 தோல்வி. பிறகு தாய்லாந்தை 4-1 என வென்றார்கள். அந்த ஆட்டத்தில் தற்காப்பின் தூண் ஜர்னைல் சிங்குக்குத் தலையில் அடிபட்டுத் தையல் போட வேண்டியதாயிற்று. ஜப்பானை 2-0 என வென்று அரையிறுதிக்குப் போனார்கள்.

தலையில் தையலோடு இருக்கும் டிஃபெண்டரை என்ன செய்வது? வேறு யாராக இருந்தாலும் பெஞ்சில் உட்கார வைத்திருப்பார்கள். ரஹீம் அவரைக் கொண்டுபோய் சென்டர் ஃபார்வர்டாக நிறுத்தினார். கோலைத் தடுக்கிறவர் கோல் அடிக்கப் போனார். அரையிறுதியில் தென் வியட்நாமுக்கு எதிராக ஜர்னைல் கோல் அடித்தார், இந்தியா 3-2 என வென்றது.

இதற்கிடையில் ஊருக்குள் நிலைமை மோசம். இஸ்ரேலையும் தைவானையும் போட்டிக்கு அனுமதிக்காததை இந்தியப் பிரதிநிதி குரு தத் சோந்தி வெளிப்படையாக எதிர்த்திருந்தார். இந்தோனேசிய மக்களின் கோபம் மொத்த இந்தியர்கள் மேலும் திரும்பியது. இந்தியத் தூதரகம் தாக்கப்பட்டது. ஆட்டக்காரர்கள் வெளியே தலைகாட்டவே பயந்த நேரம்.

செப்டம்பர் 4, இறுதி ஆட்டம். எதிரே மறுபடி தென் கொரியா. அரங்கில் ஏறத்தாழ ஒரு லட்சம் பேர், எல்லோரும் இந்தியாவுக்கு எதிராக. கைதட்டியவர்களில் பாகிஸ்தான் ஹாக்கி அணியும் இருந்தது என்று அன்று ஆடியவர்கள் பின்னாளில் நினைவுகூர்ந்தார்கள்.

கோல்கம்பத்தில் பீட்டர் தங்கராஜ். நீலகிரி மாவட்டம் வெலிங்டனில் இருக்கும் மெட்ராஸ் ரெஜிமென்டல் சென்டர் அணிக்காக 1955-லும் 1958-லும் டூரண்ட் கோப்பை வென்றவர். ஆரம்பத்தில் ஃபார்வர்டாக ஆடிப் பிறகு கோல்கீப்பர் ஆனவர். காய்ச்சலில் படுத்திருந்த அவரை, உயரத்தையும் அனுபவத்தையும் நம்பி இறுதி ஆட்டத்துக்கு ரஹீம் கொண்டுவந்தார். அந்த அணியில் பலராம் இருந்தார். பெங்களூரிலிருந்து வந்த அருமைநாயகமும் இருந்தார். தமிழ்ப் பெயர்களுக்குக் குறைவில்லாத அணி.

முதல் பாதியிலேயே பி.கே. பானர்ஜி ஒரு கோல். அடுத்தது, தலையில் கட்டோடு இருந்த ஜர்னைல் சிங். கடைசி நேரத்தில் கொரியா ஒன்று திருப்பியது. முடிவு 2-1. சுனி கோஸ்வாமி தலைமையிலான இந்தியாவுக்குத் தங்கம்.

முந்தைய இரவு ரஹீம் பையன்களிடம் ஒரே ஒரு பரிசு கேட்டாராம், நாளைக்குத் தங்கம் வேண்டும் என்று. தன் நாட்கள் எண்ணப்படுகின்றன என்று அவருக்குத் தெரிந்திருக்கலாம். பையன்களில் பலருக்கு அப்போது தெரியாது.

அதற்குப் பிறகு?

ஜகார்த்தாவிலிருந்து திரும்பிய ரஹீம் விரைவிலேயே படுக்கையில் விழுந்தார். 9 மாதம் கழித்து, 1963 ஜூன் 11-ல் இறந்தார்.

அடுத்த வருஷம், 1964 ஆசியக் கோப்பையில் இந்தியா இரண்டாம் இடம். கோச் இங்கிலாந்தின் ஹாரி ரைட். ரஹீம் வளர்த்த பையன்களின் வேகம் இன்னும் இருந்தது. 1970 ஆசிய விளையாட்டில் வெண்கலம். அதற்குப் பிறகு ஆசிய விளையாட்டுக் கால்பந்தில் நமக்குப் பதக்கம் இல்லை.

ரஹீமின் மகன் சையது ஷாகித் ஹக்கீம், 1960 ரோம் அணியில் இருந்தவர். பிறகு ஃபிஃபா நடுவர் ஆனார். 2017-ல் தியான்சந்த் விருது பெற்றார். 2021-ல் காலமானார்.

ரஹீமைப் பற்றி நாடு மறுபடி பேசியது 2024 ஏப்ரலில், மைதான் படம் வந்தபோது. அதாவது, அவர் இறந்து 60 வருஷத்துக்கும் மேல் ஆன பிறகு.

சரி, ரஹீமே திரும்பி வந்தால் போதுமா?

இங்கேதான் கொஞ்சம் நிதானமாக யோசிக்கணும். ரஹீம் ஒரு மந்திரவாதி, அவர் போனதும் எல்லாம் போச்சு என்று சொல்வது சுலபம். அது முழு உண்மை இல்லை.

ஒன்று, அன்றைய ஆசியா வேறு. ஜப்பானுக்கும் கொரியாவுக்கும் அப்போது இன்றைய தொழில்முறை லீக்குகள் கிடையாது. அவர்கள் பின்னால் லீக் கட்டினார்கள், பள்ளிகளில் பயிற்சியாளர்களை நிறுத்தினார்கள், நம்மைத் தாண்டிப் போனார்கள்.

இரண்டு, ரஹீமுக்கு நேரம் கிடைத்தது. 10-1-க்குப் பிறகும் வேலை தொடர்ந்தது. அவரும் அந்த நேரத்தை வீணாக்கவில்லை.

மூன்று, இதுதான் முக்கியம். ரஹீம் தேசிய அணிக்கு மட்டும் கோச் இல்லை. வருஷம் முழுக்க ஹைதராபாத்தில் பையன்களோடு இருந்தார். மெல்போர்ன் அணியில் ஹைதராபாத்காரர்கள் பலர் இருந்தது தற்செயல் இல்லை. அவர்களை 15, 16 வயதிலிருந்து அவர் பார்த்துவந்தார். தேசிய முகாமில் சில வாரம் மட்டும் கிடைக்கும் கோச் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும், இடது காலால் பந்தைத் தொடவே தெரியாதவனுக்கு அந்தச் சில வாரத்தில் சொல்லிக்கொடுக்க முடியாது.

இப்போது நம் பட்டியலைப் பாருங்கள். பாப் ஹௌட்டன், விம் கூவர்மான்ஸ், கான்ஸ்டன்டைன் இரண்டு முறை, இகோர் ஸ்டிமாச், மனோலோ மார்க்கேஸ். ஒவ்வொருவர் வரும்போதும் நம்பிக்கை, போகும்போதும் திட்டு. இதில் சிலர் நல்ல வேலையும் செய்தார்கள். ஆனால் கீழே இருக்கும் கட்டடம் மாறவில்லை. 2025 ஜூலையில் நாங்கள் சாவிக்காகச் சண்டை போட்டுக்கொண்டிருந்த அதே நாட்களில், ஐஎஸ்எல் அடுத்த சீசன் நடக்குமா என்பதே தெரியாமல் நிறுத்திவைக்கப்பட்டிருந்தது. லீக் நடக்குமா என்று தெரியாத நாட்டுக்கு எந்த கோச் வந்து என்ன செய்வார்?

ஆகஸ்ட் 1-ல் காலித் ஜமீல் பெயர் அறிவிக்கப்பட்டது. 2012-க்குப் பிறகு முழுநேரப் பொறுப்புக்கு வந்த முதல் இந்தியர். முதல் ஆட்டத்தில் தஜிகிஸ்தானை 2-1 என வென்றதும் ஊர் குரூப்பில் கொண்டாட்டம். அக்டோபரில் கோவாவில் சிங்கப்பூரிடம் 2-1 எனத் தோற்று 2027 ஆசியக் கோப்பை வாய்ப்பு போனதும், அதே குரூப்பில் அதே பழைய கேள்வி வந்தது: அடுத்த கோச் யார்?

ஒக்கூரில் இருந்து ஒரு பதில்

அந்தத் தோல்விக்குப் பிறகு ஊருக்குப் போனபோது சாரைப் பார்க்கப் போனேன். ரஹீமைப் பற்றிப் படித்ததைச் சொன்னேன். வராத காலுக்குத் தனிப் போட்டி என்று சொன்னதும் அவர் முகம் மலர்ந்தது. எங்களுக்கு நினைவு வந்ததும் அப்போதுதான். ஆறாம் வகுப்பில் எங்களை இடது காலால் மட்டுமே அடிக்க விட்டு ஒரு மாதம் கொன்றாரே, அது எங்கிருந்து வந்தது என்று எங்களுக்குத் தெரியாது. யாரிடமோ அவர் கற்றது. அந்த யாரோ இன்னொருவரிடம் கற்றது.

சார் ஓய்வு பெற்ற பிறகு அந்தப் பள்ளியில் பி.டி. வாத்தியார் இடம் ரொம்ப நாள் காலியாகவே கிடந்தது. விளையாட்டு பீரியடில் கணக்குப் பாடம் நடக்கும் என்று என் அத்தை பையன் சொல்வான். அவனுக்கு 11 வயது. நல்லா ஓடுவான். வலது கால் மட்டும்தான் பேசும்.

இந்திய அணிக்கு அடுத்த கோச் யார் என்று நாங்கள் மாதக்கணக்கில் சண்டை போட்டோம். இவனுக்கு கோச் யார் என்று யாரும் ஒருமுறைகூடக் கேட்கவில்லை. ரஹீமின் வாழ்க்கையைப் படித்தால் இரண்டும் ஒரே கேள்விதான் என்று தெரியும். 1962-ல் ஜகார்த்தாவில் கிடைத்த தங்கம், பல வருஷம் முன்னால் ஒரு ஏழைப் பையனுக்குக் கிடைத்த சைக்கிளில் தொடங்கியது.

இப்போதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஊரில் இருக்கும் நண்பர்கள் இரண்டு பேர் சின்னப் பசங்களைக் கூட்டி ஒரு மணி நேரம் ஆட வைக்கிறார்கள். சார் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்க்கிறார். விதி ஒன்றுதான்: இடது கால் மட்டும்.